பதினான்காவது காலடியில் ஜெரமி

சூசை வாரத்தில் ஐந்து நாள் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஓர் ஆலையில் நுண்ணோக்கிக்குள் பார்ப்பார். மற்ற இரண்டு நாள் கேமராவுக்குள் பார்ப்பார். இருபத்தாறு வருடங்களாக இரண்டு இடத்திலும் அவர் செய்துவருவது ஏறக்குறைய ஒரே வேலை. ஒரு மெல்லிய அடுக்கைத் தேர்ந்தெடுத்து, அதற்கு முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் மறையச் செய்வது.

ஆலையில் அவர் பார்ப்பது தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி. சிப்பின் மேல் வளைந்து இறங்கும் அந்தக் கம்பியின் உச்சி தெளிவாகத் தெரிந்தால் அடி தெரியாது. திருகைத் துளி நகர்த்தினால் அடி தெரியும், உச்சி புகையாகிவிடும். "ஒண்ணப் பாக்கணும்னா இன்னொண்ண விட்றணும், அவ்ளோதான்" என்பார். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

கேமராவில் அவர் பயன்படுத்துவது செகண்ட் ஹேண்டில் வாங்கிய எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ். அதன் திறப்பை முழுதாக விரித்துவைத்தால், முன்னால் நிற்பவரின் கண் கூர்மையாக விழும். அவருடைய காதே கொஞ்சம் கலங்கியிருக்கும். பின்னால் உள்ள சுவர், ஆட்கள், அலங்கார விளக்குகள் எல்லாம் கரைந்துவிடும். ஒவ்வொரு விளக்கும் ஊதிப் பெருத்த வட்டமாக மிதக்கும்.

பினாங்குத் தமிழர்கள் விசேஷம் வைக்கும் மண்டபங்களைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, துருப்பிடித்த மின்விசிறி, தீயணைக்கும் உருளை, போன வாரக் கல்யாணத்தின் கழற்றாத பேனர். சூசையின் லென்ஸ் அவை எல்லாவற்றையும் பொன்னிறப் பனியாக மாற்றிவிடும். அவர் படங்களில் பெரிய கலை இருந்ததாக நான் சொல்லமாட்டேன். எல்லா மணப்பெண்களும் ஒரே கோணத்தில் திரும்பி ஒரே அளவில் புன்னகைத்தார்கள். ஆனால் ஃபோகஸ் ஒருபோதும் தவறியதில்லை. ஆலையில் அவருக்கு மேலதிகாரியான நூர் ஃபாத்திஹா, அவர் எடுத்துக்கொடுத்த தன் பெருநாள் படத்தைப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டாளாம்: "சூசை, ஒரு கண்ணுக்கு மட்டும்தான் வேலையா? இன்னொரு கண்ணு லீவா?" இதைச் சூசையே பெருமையாகச் சொல்வார்.

அவருடைய கத்தோலிக்கக் கோயில் பங்கில் ஜெரமி என்று ஒருவர் இருந்தார். கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் லாரி மெக்கானிக். வயது நாற்பத்தொன்பது, பெருத்த உடம்பு, அடர்ந்த தாடி. எந்த வீட்டு விசேஷமானாலும் நாற்காலி போடுவதும் எடுப்பதும் அவர்தான். சாப்பாட்டு நேரத்தில் பின்வரிசையில் நின்றுகொண்டு போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப்பிடித்து எல்லாரையும் எடுத்துக்கொண்டிருப்பார். தன்னை யாரும் எடுக்க விடமாட்டார். "என்ன எடுத்து எதுக்கு லா, லென்ஸ் வெடிச்சுரும்" என்பார்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் மார்ச்சில், வேலை முடிந்து தீவுக்குத் திரும்பும் ஃபெரியில், தன் மோட்டார் சைக்கிளின் மேல் உட்கார்ந்தபடியே அவர் இறந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்தார்கள். ஃபெரி கரையைத் தொட்டது. மற்ற வண்டிகளெல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போன பிறகு, தளத்தில் ஒரு வண்டி மட்டும் நின்றிருந்தது.

பத்து மாதம் கழித்து அவர் மனைவி ரோசலின், டத்தோ கிராமாட்டில் உள்ள சூசையின் வீட்டுக்கு வந்தாள். முதலாண்டுப் பூசைக்குள் கல்லறைக் கல்லில் பீங்கான் படம் பதிக்க வேண்டும். முட்டை வடிவத்தில், உள்ளங்கை அளவில், இறந்தவரின் முகத்தைச் சுட்டுப் பதிக்கும் அந்தப் படம் இல்லாத கல்லை எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் முடிந்த கல்லாகக் கருதுவதில்லை.

"படம் கொண்டு வந்தியா?" என்றார் சூசை.

"இல்லண்ணே. அதுக்குத்தான் வந்தேன்."

அவள் சொன்னதைச் சூசை முதலில் நம்பவில்லை. இந்தக் காலத்தில் ஒருவருக்குப் படம் இல்லாமல் இருக்குமா? ஆனால் கணக்குச் சரியாகத்தான் வந்தது. கல்யாணப் படத்தில் இருப்பது இருபத்தாறு வயது ஒல்லிப் பையன். அடையாள அட்டையை, இறப்பைப் பதிந்தபோது வாங்கிக்கொண்டார்கள். ஜெரமியின் போனின் பூட்டைத் திறக்க ஒரு கடையில் கொடுத்தாள், திறந்தது, ஆனால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லாமல் அழிந்துவிட்டது. இருந்திருந்தாலும் அதில் ஊர்க்காரர்களின் படம்தான் இருந்திருக்கும். ரோசலினின் போனில் அவருடைய தோள், கை, ஹெல்மெட் போட்ட தலை.

"என் போனு, எங்க அக்கா போனு எல்லாம் தேடிட்டேன். நீங்கதான் எங்க வீட்டு விசேஷம் எல்லாத்தையும் எடுத்தது. பின்னாடி எங்கயாச்சும் நின்னிருப்பாரு. பாருங்களேன்."

"பாக்கலாம். அவசரப்படாத."

"அவசரந்தான்" என்றாள். "அவரு மொகம் என்ன விட்டுப் போவுதுண்ணே. கொரல் இருக்கு. கை இருக்கு. காலையில எழுந்திரிச்சு மொகத்த நெனச்சுப் பாக்கறேன், தாடி மட்டும் வருது. படம் ஒண்ணு இருந்தா புடிச்சு வெச்சுக்குவேன்."

அன்றிரவும் அடுத்த இரண்டு நாளும் சூசை தன் பழைய கோப்புகளைத் தேடினார். பதினொரு படங்களில் ஜெரமி இருந்தார். பதினொன்றிலும் பின்னால், ஃபோகஸுக்கு வெளியே. எட்டில் முகத்துக்கு முன்னால் போன். இரண்டில் திரும்பி நின்றார். ஒன்றில் மட்டும், அவர் மகள் ஜோவானின் உறுதிபூசுதல் சடங்கு விருந்தில், கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார் என்றுகூடச் சொல்லலாம். முன்னால் ஜோவானின் இமைமுடி ஒவ்வொன்றும் எண்ணும்படி இருந்தது. ஐந்து மீட்டர் பின்னால் அவள் அப்பா, இரண்டு நிழல்களும் ஒரு கருப்பு மேகமுமாக இருந்தார்.

படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது ரோசலின் வாயைப் பொத்திக்கொண்டாள். "இவருதான்" என்றாள். பிறகு இயல்பாகக் கேட்டாள்: "கொஞ்சம் கிளியர் பண்ணிரலாம்ல? என் போன்ல பட்டன் இருக்கு. அமுக்குனா பிளர் போயிரும்."

போனில் அது முடியும். போன் எல்லாவற்றையும் தெளிவாகவே எடுத்துவிட்டு, பின்பக்கத்துக்குக் கணக்குப் போட்டு ஒரு திரையை இழுத்துவிடுகிறது. திரையை விலக்கினால் பின்னால் எல்லாம் அப்படியே இருக்கும். லென்ஸ் செய்வது வேறு. ஃபோகஸுக்கு வெளியே நிற்கும் முகத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வட்டமாகப் பரவி, பக்கத்துப் புள்ளியின் வட்டத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. கண்ணின் ஒளி கன்னத்தில் கலக்கிறது, கன்னத்தின் ஒளி தாடியில். ஒளி எதுவும் தொலையவில்லை. எது எங்கிருந்து வந்தது என்பதுதான் தொலைந்தது. அந்தப் படத்தில் திரை இல்லை. பின்னால் ஒன்றும் இல்லை.

இதைச் சூசை அறிவார். வேறு யாரைவிடவும் நன்றாக அறிவார். அன்று அவர் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை: முடியாது. ஆனால் இருபது வருடம் அவள் கணவரைக் கரைத்தது தன் லென்ஸ்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதனால், "பாக்கறேன்மா" என்றார்.

கலங்கிய படத்தைத் தெளிவாக்கித் தரும் மென்பொருள்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஒன்றில் அந்த முகத்தை வெட்டிப் போட்டார். அரை நிமிடத்தில் ஒரு மனிதர் வந்தார். தாடி, அகலமான நெற்றி, நல்ல கூர்மையான கண்கள். மூக்கின் மேல் கண்ணாடி அணிந்திருந்தார். ஜெரமி கண்ணாடி போட்டதில்லை. மறுபடி போட்டார். வேறொருவர் வந்தார், அதே தாடியும் அகல நெற்றியுமாக, கண்ணாடி இல்லாமல், பல் தெரிய மெல்லச் சிரித்தபடி. மூன்றாம் முறை வந்தவர் வயதானவராக, எதையோ மன்னிக்க மறுப்பவரைப் போல இருந்தார். ஒரே மங்கலிலிருந்து மூன்று பேர். மூவரும் ஜெரமியாக இருக்கலாம் என்பதுதான் சூசையை உலுக்கியது. எவ்வளவு யோசித்தும் இவர் இல்லை என்று ஒருவரையும் தள்ள முடியவில்லை, கண்ணாடியைக் கழற்றிவிட்டால் முதலாமவரைக்கூட. வருடக்கணக்காக அந்த மனிதரோடு தேநீர் குடித்திருந்தார். இருந்தும் அவர் முகத்தைச் சூசை ஒருநாளும் பார்த்ததில்லை போலிருந்தது.

இரண்டாமவரைத் தேர்ந்தெடுத்தார். காரணம், அவரிடம் கொஞ்சம் கனிவு இருந்தது. இறந்த ஒருவருக்கு முகம் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் தனக்கு எப்படி வந்தது என்று அவர் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தார். முகம் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது கண்மணியில் விழும் வெளிச்சத்தைத்தான். எங்கே விளக்கு இருந்தது, எங்கே சன்னல் இருந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும். அந்தப் புதிய முகத்தின் இரண்டு கண்மணியிலும் நான்கு கண்ணாடி போட்ட ஒரு சன்னல் வெள்ளையாகப் பளபளத்தது. விருந்து நடந்தது கோயிலுக்குப் பின்னாலுள்ள மண்டபத்தில், இரவு ஏழரைக்கு. அங்கே இருந்தவை குழல் விளக்குகள். அந்தப் பக்கம் சன்னலே கிடையாது.

பார்த்தார். பார்த்துவிட்டு, கோப்பை அச்சுக்கு அனுப்பினார்.

முதலாண்டுப் பூசைக்குப் பின் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் கல்லை மூடியிருந்த துணியை எடுத்தபோது எல்லாருக்கும் படம் பிடித்திருந்தது. "அப்படியே எழுந்து வந்து நாற்காலி போடுவாரு போல இருக்கு" என்றார்கள். ரோசலின் நெடுநேரம் பார்த்தாள். சூசையிடம் வந்து, "தேங்க்ஸ்ண்ணே" என்றாள். 

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து சூசை தன் காடியின் கதவைத் திறக்கும்போது ஜோவான் ஓடிவந்தாள். பதினேழு வயது, யாரோடும் அதிகம் பேசாதவள்.

"அங்கிள், அப்பா கனவுல வந்தாரு. இப்பதான் ஃபர்ஸ்ட் டைம்."

"நல்லது கேர்ள். என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நிக்கறாரு. அந்தப் படத்துல இருக்கற மாதிரியே சிரிக்கறாரு. பக்கத்துல பெரிய சன்னல், வெள்ளையா."

சூசை சாவியைப் பிடித்தபடி நின்றார். "உங்க வீட்டுச் சன்னலா?"

"இல்ல அங்கிள். எங்க வீட்டுல அந்த மாதிரி இல்ல. நாலு கட்டமா இருந்துச்சு."

உள்ளங்கையளவு பீங்கானில் கண்மணியின் வெளிச்சம் கடுகளவுகூட இருக்காது. அதை அந்தப் பெண் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. கண் பார்த்துவைப்பதெல்லாம் நமக்குத் தெரிவதில்லை என்று சூசை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் சரியானதாகவே இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து ஜெரமியை நினைக்கும்போதெல்லாம் அவருக்கும் அந்தச் சிரிப்புதான் வந்தது. வியர்வையும் கிரீஸுமாக நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிவரும் ஆளை நினைத்துப் பார்ப்பார். உடம்பு சரியாக வரும். கழுத்துக்கு மேலே, சன்னல் பக்கம் திரும்பி நிற்கும் வேறொருவர் இருப்பார்.

செப்டம்பரில் ராமதாஸ் கூப்பிட்டார். சூசை வீட்டிலிருந்து மூன்று சந்து தள்ளி இருப்பவர், வங்கி ஊழியர். மகள் காமினிக்குப் பட்டமளிப்பு உடையில் வீட்டிலேயே நான்கு படம் வேண்டும். சூசை போனார். கூடத்தில் காமினியை நிறுத்தினார். பின்னால் இருக்கும் ஷோகேஸ், காலண்டர், சாமி அறையின் சின்ன விளக்குகள் எல்லாம் வழக்கம்போல் கரையும்படி லென்ஸைத் திறந்தார். அவள் கண்ணில் ஃபோகஸ் வைத்தார்.

கரைந்த விளக்கு வட்டங்களுக்கு நடுவில் ஒரு முகம் இருந்தது. கலங்கிய முகம்தான். ஆனாலும் சூசைக்கு அது யார் என்று தெரிந்தது.

கேமராவைக் கீழே இறக்கினார். சாமி அறைக் கதவுக்கு மேலே சந்தன மாலை போட்ட ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. அருகில் போனார். தாடி. அகல நெற்றி. மெல்லிய சிரிப்பு. ஜெரமியின் கல்லில் இருந்த அதே முகம்.

"இது யாரு?" என்றார்.

"என்னண்ணே, எங்கப்பாவத் தெரியலயா? பக்கிரிசாமி. உங்களுக்குத்தான் பழக்கம் ஆச்சே" என்றார் ராமதாஸ்.

"இந்தப் படம் யாரு எடுத்தது?"

"யாரும் எடுக்கல லா. எங்க சித்தப்பா கல்யாணத்து குரூப் போட்டோ, நகம் அளவுக்குத்தான் இருந்தாரு. காமினி ஆப்புல போட்டுப் பெருசாக்குனா. ரெண்டு நிமிஷம் கூட ஆகல."

"தாத்தா பிளரா இருந்தாரு அங்கிள், இப்ப எப்படி ஷார்ப்பா இருக்காரு பாருங்க. உங்களுக்குத்தான் தொழில் போட்டி" என்றாள் காமினி.

ராமதாஸ் படத்தைத் தலை சாய்த்துப் பார்த்தார். "கொஞ்சம் அப்பா மாதிரி இல்லதான். ஆனா நல்லா இருக்காரு."

சூசை ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினார். படத்தின் கண்களை, ஆலையில் கம்பியைப் பார்ப்பதுபோல், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இரண்டு கண்மணியிலும் நான்கு கண்ணாடி போட்ட சன்னல் வெள்ளையாக இருந்தது. அதே இடத்தில். அதே சாய்வில்.

கதவுக்கு மேலே மாலையோடு ஒருவர், கல்லறையில் சிலுவைக்குக் கீழே ஒருவர். ஒரே ஆள். பிறக்காத ஆள். எங்கேயோ ஓர் அறையில், எங்குமே இல்லாத ஒரு சன்னலைப் பார்த்தபடி நின்றுகொண்டு, எந்த வீட்டில் முகம் காணாமல் போனாலும் அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறவர். இப்படித்தான் சூசை என்னிடம் சொன்னார். அதை மிகை என்று ஒதுக்க நான் முயன்றேன், முழுதாக முடியவில்லை. தெளிவாக இருப்பதை உண்மை என்றும் மங்கலாக இருப்பதைக் குறை என்றும் நாம் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தின் வழியாகத்தான் அந்தப் பிறக்காதவர் உள்ளே வருகிறார்.

ராமதாஸிடம் சூசை எதுவும் சொல்லவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் தாத்தாவோடு திருப்தியாக இருந்தார்கள். மிச்சப் படங்களை எடுத்து முடித்துவிட்டு நேராக ரோசலினின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"ரோசலின், அந்தக் கல்லறைப் படம்..."

"ம்."

"அது ஜெரமி இல்ல. மெஷின் வரைஞ்ச மொகம். மூணு வந்துச்சு, நான் ஒண்ண எடுத்தேன்."

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள்.

"தெரியும்ண்ணே" என்றாள்.

"தெரியுமா?"

"அவருக்கு மேல் பல்லு ஒண்ணு கெடையாது. ஸ்பேனர் தவறி அடிச்சு ஒடஞ்சது. கல்லுல இருக்கறவருக்கு எல்லாப் பல்லும் இருக்கு, டூத்பேஸ்ட் விளம்பரம் மாதிரி."

"அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

சூசை அப்போதுதான் உட்கார்ந்தார்.

"நீங்க கஷ்டப்பட்டுச் செஞ்சீங்க. எல்லாரும் அவருதான்னு சொன்னாங்க. ஜோவான் அழுதுச்சு. நான் மட்டும் இல்லன்னு சொல்லணுமா?" அவள் குரல் உயரவில்லை. "மொதல்ல எல்லாம் அந்தப் படத்தப் பாத்தா, 'ஏய், இது நான் இல்ல'ன்னு அவரு மொகமே வந்து சொல்லும். அதுக்காகவே வாரா வாரம் கல்லறைக்குப் போனேன். அதப் பாத்தாத்தான் இவரு வந்தாரு, கோவமா. இப்ப ரெண்டு மாசமா வர்றதில்ல. பாக்கறேன், அவரே சிரிக்கற மாதிரி இருக்கு. பல்லு மட்டும் கணக்கா ஞாபகம் இருக்கு. மொகம் இல்ல."

பக்கத்து வீட்டில் யாரோ தொலைக்காட்சியை அணைத்தார்கள். ரோசலின் அடுத்த சட்டையை எடுக்கவில்லை.

"அந்தப் பழைய படம் வெச்சிருக்கீங்களா? மங்கலா இருந்தது."

"இருக்கு. அதுல ஒண்ணும் தெரியாதேம்மா."

"அதுல நிக்கறது அவருதானே?"

"அவருதான்."

"அப்ப அதப் போடுங்க."

பீங்கான் படம் சுட்டுத் தரும் இத்ரீஸுக்கு இது புரியவில்லை. கோப்பு போன மறுநிமிடமே கூப்பிட்டார். "அண்ணே, ஃபைல் ரோசாக் லா. கெட்டுப்போச்சு. வேற அனுப்புங்க."

"கெடல. அதான் படம்."

"ஆளே தெரியல."

"தெரியாது."

"நாளைக்கு என் வேலை சரியில்லன்னு சொல்லப்படாது."

"சொல்லமாட்டேன். சுடுங்க."

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். மழை நாலு மணிக்கு நின்றிருந்தது. ஆறரைக்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். தமிழர், சீனர், யுரேசியர் என எல்லாக் கல்லுக்கு முன்னாலும் ஆட்கள். சூசை காலையிலேயே வந்து பழைய வில்லையைப் பெயர்த்தெடுத்துப் புதியதை ஒட்டியிருந்தார். பழையதை லென்ஸ் துடைக்கும் துணியில் சுற்றிக் கேமராப் பையில் வைத்திருந்தார்.

ஜோவான் கல்லுக்கு முன்னால் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் சுருங்கியிருந்தது. "ம்மா, என்ன இது? அப்பா தெரியலயே."

"இதுதான் அப்பா."

"இதுல கண்ணே இல்ல. முன்னாடி நல்லா இருந்துச்சு. ஏன் எடுத்தீங்க?" அவள் சூசையின் பக்கம் திரும்பினாள். "அங்கிள், அந்த அப்பாவ என்ன பண்ணுவீங்க?"

சூசை பையின் மேல் கை வைத்தார். உடைக்கவும் மனம் வரவில்லை, புதைக்கவும் இடம் எதுவென்று தெரியவில்லை. பை தோளில் வழக்கத்தைவிடக் கனமாகத் தொங்கியது.

ரோசலினும் குனிந்து பார்த்தாள். விரலால் பீங்கானைத் தொட்டாள். இரண்டு நிழல், ஒரு கருப்பு மேகம். அவள் தோள் இறங்கியது. கேட்டு வாங்கியது அவள்தான். ஆனாலும் கிட்டத்தில் பார்க்கும்போது அங்கே யாரும் இல்லை. சூசை அதைக் கண்டார். தன் வாழ்நாள் வேலை முழுவதும் அந்த உள்ளங்கையளவு முட்டைக்குள் வந்து நிற்பதாக அவருக்குப் பட்டது.

பின்னாலிருந்து ஒரு குடும்பம் வழி கேட்டது. ரோசலின் ஒதுங்கினாள். இன்னும் ஆட்கள் வரவே, கல்லைப் பார்த்த முகம் மாறாமல், அப்படியே பின்பக்கமாக நடந்தாள். ஈரப் புல்லில், மெழுகுவர்த்திகளை மிதிக்காமல், ஒவ்வோர் அடியாக. கொஞ்ச தூரத்தில் சட்டென்று நின்றாள்.

"அண்ணே" என்றாள். குரல் வேறாக இருந்தது. "இங்க வாங்க."

சூசை அவள் பக்கத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தார். மெழுகுவர்த்திகளின் மேல், அந்தத் தூரத்தில், பீங்கான் படம் கட்டைவிரல் நகமளவுக்குச் சுருங்கியிருந்தது. பரவிக் கிடந்த புள்ளிகளெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போய் அடங்கியிருந்தன. நிழல்கள் கண்களாக இருந்தன. மேகம் தாடியாக இருந்தது. தாடிக்கு நடுவே, பல் இல்லாத இடத்தில், ஒரு கருப்புப் பொட்டு இருந்ததா, அல்லது அவள் சொன்னதால் இருந்ததா என்று சூசையால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தோளைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு, யாராவது கேமராவைத் தன் பக்கம் திருப்பிவிடுவார்களோ என்று சங்கடத்தோடு சிரிக்கும் அந்த ஆளை அவருக்குத் தெரியும்.

"லென்ஸ் வெடிச்சுருமாம்" என்றாள் ரோசலின். சிரித்தாள். கன்னம் நனைந்திருந்தது.

ஜோவானைக் கூப்பிட்டு நிறுத்தினாள். அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவரிடம் போக வேண்டும் என்று இரண்டு அடி முன்னால் வைத்தாள். முகம் கலைந்தது. பின்னால் வந்தாள். முகம் திரும்பி வந்தது. இன்னொரு முறை முன்னால் போகவில்லை.

இதைச் சொன்னபோது சூசை எனக்கு அறிவியலும் சொன்னார். தூரம் கூடக்கூடக் கண் அந்த மங்கலைப் பிரித்துக் காண முடியாது, அதனால் தெளிவாகத் தோன்றும், அவ்வளவுதான் என்றார். நான் மறுக்கவில்லை. மூவரும் அன்று அந்த இடத்தில் ஒட்டி நின்றார்கள் என்பதையும், கிட்டே போக அவரும் ஜோவானும் பயந்தார்கள் என்பதையும் அவரே அடுத்துச் சொன்னார்.

ரோசலின் கல்லுக்குப் போய், அங்கிருந்து எண்ணிக்கொண்டு திரும்பினாள். பதினான்கு காலடி. பதினான்காவது விழுந்த இடம் வேறொரு குடும்பத்தின் கல்லறை ஓரம். வயதான சீனப் பெண் ஒருத்தி அங்கே மெழுகுவர்த்தி நட்டுக்கொண்டிருந்தாள். தன் கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ மூன்று பேர் நிற்பதை அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரோசலின் மலாயில் மன்னிப்புக் கேட்டு, தூரத்தில் உள்ள கல்லைக் காட்டினாள். அந்தப் பெண்ணும் அந்தப் பக்கம் பார்த்தாள். கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"உன் வீட்டுக்காரரா?" என்று கேட்டாள். "தாடிக்காரர்."

"ஆமா" என்றாள் ரோசலின்.

அந்தப் பெண் தன் பூக்கூடையை நகர்த்தி இடம் விட்டாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரோசலின் இரண்டு மெழுகுவர்த்தி வாங்குகிறாள். ஒன்றைக் கணவரின் கல்லுக்கு முன்னால் ஏற்றிவிட்டு, குனிந்து பார்க்காமல் திரும்பி நடக்கிறாள். மற்றதைப் பதினான்காவது காலடியில், பெயர் படிக்கத் தெரியாத அந்தச் சீனக் கல்லுக்கு முன்னால் ஏற்றிவைத்துவிட்டு, நின்று பார்க்கிறாள்.